ஓமந்தூரார்: ஒரு பெயரின் வரலாறு

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்து, 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய ராமசாமி ரெட்டியாரைத் தமிழ்நாடு 'ஓமந்தூரார்' என்றே அறிந்திருக்கிறது. இயற்பெயர் பின்தங்க, ஊர்ப்பெயர் 'ஆர்' என்னும் உயர்வுப் பன்மை விகுதி பெற்று அவரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்ததற்கு மரியாதை ஒரு காரணம். ராமசாமி என்ற பெயரோடு பொதுவாழ்வில் நின்றோர் அக்காலத்தில் பலராக இருந்தமை மற்றொரு காரணம் எனலாம்.

உடையவன், தலைவன் எனப் பொருள்படும் 'சுவாமின்' என்ற வடசொல் தமிழில் சுவாமி என்றும் சாமி என்றும் திரிந்து, கோயிலில் உள்ள இறைவனைக் குறித்து, இராமபிரானின் பெயரோடு சேர்ந்து மக்கட்பெயராகவும் பரவியது. சாதி, தொழில், வட்டாரம் ஆகிய எல்லைகளைக் கடந்து வழங்கிய இப்பெயர், 1947-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவின் மூன்று ஆட்சிகளுக்குத் தலைமை தாங்கியோரின் பெயராக ஒரே வேளையில் அமைந்தது. சென்னை மாகாணத்தில் உழவர் குடியில் வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும், திருவிதாங்கூரில் வந்தவாசியில் பிறந்த வழக்கறிஞரான சி.பி. ராமசுவாமி ஐயரும், மைசூரில் அதற்கு முந்தைய ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்திற்கு முதல் தலைவராக இருந்த ஆற்காடு ராமசாமி முதலியாரும் பொறுப்பில் இருந்தனர். பின்னிருவரும் திவான்கள், அதாவது மன்னருக்கு அடுத்த நிலையில் ஆட்சி நடத்தும் தலைமை அமைச்சர்கள். அதே வேளையில் திராவிடர் கழகத்தை நடத்திவந்தவரும் ஈரோட்டு ராமசாமியே.

இப்பெயரொற்றுமையால் நேரக்கூடிய குழப்பத்தை ஆலய நுழைவு வரலாறு நன்கு காட்டுகிறது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராடிச் சிறை சென்ற ராமசாமி வேறு. 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோது திவானாக இருந்த ராமசாமி வேறு. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியபோது முதலமைச்சராக இருந்த ராமசாமி வேறு.

ஒரே பெயருடையோரைப் பிரித்தறியும் வழி தமிழில் பழையது. பட்டம், கல்வி முதலியவற்றால் அமையும் சிறப்புப்பெயரை முன்னும், பிறந்தபோது இட்ட இயற்பெயரைப் பின்னும் வைத்துச் சொல்லுதலே மரபு என்று தொல்காப்பியம் விதிக்கிறது. சங்கப் புலவர் வரிசையில் சாத்தன் என்னும் பெயருடையோர் பலர் இருந்தும், கூலவாணிகன், அதாவது தானிய வணிகன், என்ற தொழிற்பெயரும் சீத்தலை, பெருந்தலை, ஒக்கூர் போன்ற அடைகளும் அவர்களை வெவ்வேறு ஆளாக நிறுத்துகின்றன. இவ்வடைகள் நீங்கிய சாத்தனோ இலக்கண உரைகளில் யாரையும் குறிக்காத எடுத்துக்காட்டுப் பெயராகிவிடுகிறான்.

ஊரையும் தந்தையையும் முதலெழுத்துகளாகச் சுருக்கி முன்வைக்கும் தலைப்பெழுத்து முறை இம்மரபின் தொடர்ச்சியே. சேத்துப்பட்டும் பட்டாபிராமனும் சி.பி. ஆனதும், ஈரோடும் வெங்கடப்பரும் ஈ.வெ. ஆனதும் அவ்வாறே. பெயருக்குப் பின் நின்று பிரித்தறிய உதவிய சாதிப்பட்டத்தை விடுமாறு 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு வற்புறுத்திய பின்னர், முன்னடைகளின் சுமை கூடியது. 1938-இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு வழங்கிய 'பெரியார்' என்ற பட்டம் ஈரோட்டாரின் இயற்பெயரையே மறைத்தது. திரையுலகிலும் இதழுலகிலும் வி.கே. ராமசாமி தலைப்பெழுத்தாலும், 'துக்ளக்' ஆசிரியர் ராமசாமி 'சோ' என்ற பெயராலும் தனித்தறியப்பட்டனர்.

அடைகளைக் களைந்து பெயரை மட்டும் கொண்டால் நேர்வது என்ன என்பதற்குக் குடியேற்ற ஆட்சிக்கால ஆங்கிலம் சான்று. ஹென்றி யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் 'ராமசாமி' என்பதை இந்துக்கள் அனைவருக்குமான பொதுப்பெயராக வழங்கியதையும், சுருட்டுப் பற்றவைக்க உதவும் முறுக்கிய பஞ்சுத் திரிக்கும் அதே பெயர் இருந்ததையும் பதிவுசெய்கிறது. தென்னாப்பிரிக்காவில் 'சாமி' என்பது இந்தியத் தொழிலாளரை இழிவாக விளிக்கும் சொல்லானது. தலைவன் என்ற பொருளை அறியாமலேயே வெள்ளையர் அதைக் கையாண்டதைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் சுட்டுகிறார். ஊரும் தந்தையும் தொழிலும் அறியப்படாத இடத்தில், ஒருவரின் பெயர் ஒரு கூட்டத்தின் அடையாளமாகக் கீழிறங்கியது.

ஓமந்தூரார் என்ற சொல் இதற்கு நேரெதிர்த் திசையில் சென்றது. அடை தன் பெயரையே விலக்கிவிட்டுத் தனியொருவரைக் குறித்தது. பின்னர் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டு, அங்கே தலைமைச் செயலகத்திற்கென எழுந்த கட்டடம் 2014-இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாகிய பிறகு, 'ஓமந்தூரார்' என்பது நகரவழக்கில் அம்மருத்துவமனையையும் சுட்டலாயிற்று. இடத்தைக் குறித்த சொல் ஆளைக் குறித்து, மீண்டும் இடத்தைக் குறிக்கும்போதும், ஆளுக்காகச் சேர்ந்த 'ஆர்' விகுதி அதைவிட்டு நீங்கவில்லை.