நுரையீரல் ஆக்சிசன் நச்சுமை

நுரையீரல் ஆக்சிசன் நச்சுமை என்பது, இயல்பைவிட மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிசனை (உயிர்வளி, ஒட்சிசன்) நெடுநேரம் சுவாசிப்பதால் நுரையீரலின் நுண்குருதிக்குழாய்களுக்கும் காற்று நுண்ணறைகளுக்கும் ஏற்படும் சேதம் ஆகும். இதனை 1899ஆம் ஆண்டில் விரிவாக விளக்கிய ஜேம்சு லொரைன் சுமித் என்பவரின் பெயரால் இது லொரைன் சுமித் விளைவு என்றும் அழைக்கப்படுகின்றது. செயற்கைச் சுவாசத்தில் நீண்ட நாட்கள் இருப்போருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இதனால் இடர் மிகுதி.

விழுக்காடும் பகுதி அழுத்தமும்

நச்சுமையைத் தீர்மானிப்பது ஆக்சிசனின் விழுக்காடு அன்று. அதன் பகுதி அழுத்தமே ஆகும். பழனி மலைத்தொடரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கும் கடற்கரையிலும் காற்றில் ஆக்சிசன் ஏறத்தாழ 21 விழுக்காடே. ஆனால் கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசமாக உள்ள வளிமண்டல அழுத்தம் கோடைக்கானலில் சுமார் 590 மி.மீ. ஆகக் குறைகின்றது. எனவே ஆக்சிசனின் பகுதி அழுத்தம் 160 மி.மீ. இலிருந்து ஏறத்தாழ 123 மி.மீ. ஆகின்றது. மலையேறியவுடன் சிலருக்கு மூச்சு வாங்குவதற்கு இதுவே காரணம்.

பகுதி அழுத்தம் ஏறத்தாழ அரை வளிமண்டலத்தை (380 மி.மீ.) நெடுநேரம் தாண்டும்போது நுரையீரல் பாதிக்கப்படலாம் எனக் கொள்ளப்படுகின்றது. கடல் மட்டத்தில் 50 விழுக்காடு ஆக்சிசனே இவ்வளவைத் தந்துவிடும். கோடைக்கானலில் இதற்குச் சுமார் 64 விழுக்காடு தேவைப்படும். இது ஒரு தோராய எல்லையே. நோயுற்ற நுரையீரலுக்கு அப்படியே பொருந்தும் எனக் கூற இயலாது.

குருதிக்குழாய்கள் சேதமடையும் விதம்

தூய ஆக்சிசனைச் சுவாசிக்கும் ஒருவரின் நுண்ணறைகளில் ஆக்சிசன் அழுத்தம் 100 மி.மீ. இலிருந்து 650 மி.மீ.க்கும் மேலாக உயர்கின்றது. பிற உறுப்புகளில் இவ்வளவு உயர்வு இல்லை. ஈமோகுளோபின் முன்னரே ஏறத்தாழ நிறைந்திருப்பதால் குருதி கூடுதலாகச் சுமந்து செல்வது சிறிதளவே. ஆகவே முழுச் சுமையும் நுரையீரலின் மீதே விழுகின்றது. நுண்ணறைக் காற்றுக்கும் குருதிக்கும் இடையிலான சுவர் ஒரு மைக்ரோமீட்டரினும் மெல்லியது.

உயிரணுக்களின் இழைமணிகளில் ஆக்சிசன் நீராக மாறும்போது ஒரு சிறு பங்கு வழிதவறி சூப்பர் ஆக்சைடு என்னும் தனியுறுப்பாக மாறுகின்றது. அதிலிருந்து ஐதரசன் பெராக்சைடும், மிகவும் வினைத்திறன் கொண்ட ஐதராக்சிலும் தோன்றுகின்றன. இயல்பு நிலையில் சூப்பர் ஆக்சைடு டிசுமியூட்டேசு, கேட்டலேசு முதலிய நொதிகள் இவற்றை அழித்துவிடும். ஆக்சிசன் மிகுந்தால் நொதிகளால் ஈடுகொடுக்க இயலாது. கொழுப்புப் படலங்களும் புரதங்களும் டி.என்.ஏ.வும் தாக்கப்படுகின்றன.

முதலில் பெரிதும் பாதிக்கப்படுபவை நுண்குழாய்களின் உட்சுவரான அகவணி உயிரணுக்கள். அவை வீங்கி, அவற்றிடையே இடைவெளிகள் உண்டாகின்றன. குருதி நீர்மம் அவற்றின் வழியே கசிந்து நுண்ணறைகளை நிரப்புகின்றது. வெள்ளையணுக்கள் திரண்டு மேலும் தனியுறுப்புகளை வெளியிடுகின்றன. நாட்கள் செல்லச் செல்ல நார்த்திசு வளர்ந்து நுரையீரல் விறைக்கின்றது. கசிவினால் குருதியில் ஆக்சிசன் குறைவதும், அதைக் கண்டு மேலும் ஆக்சிசன் கொடுக்க நேர்வதும் இந்நோயின் கொடிய சுழற்சியாகும்.

ஆய்வு வரலாறு

பிரான்சின் பால் பெர்ட் 1878இல் உயர் அழுத்த ஆக்சிசன் வலிப்பை உண்டாக்குவதை விளக்கினார். லொரைன் சுமித்தின் ஆய்வோ, அதனினும் குறைந்த அழுத்தமே நுரையீரலைக் கெடுப்பதைக் காட்டியது. 1945இல் அமெரிக்காவில் கோம்ரோ குழுவினர் நலமான ஆண்களை 24 மணிநேரம் தூய ஆக்சிசன் சுவாசிக்கச் செய்தனர். பெரும்பாலோருக்கு நெஞ்செலும்பின் பின்னே வலி கண்டது. 18,000 அடி உயரத்திற்கு இணையான குறைந்த அழுத்தத்தில் அதே தூய ஆக்சிசன் இவ்வலியைத் தரவில்லை. மலைகளைப் பற்றிய மேற்கண்ட கணக்குக்கு இதுவே சிறந்த சான்று. 1954இல் ரெபேக்கா கெர்சுமன், டேனியல் கில்பர்ட் முதலியோர் ஆக்சிசனும் எக்சு கதிரும் தனியுறுப்புகள் வழியாகவே கேடு செய்கின்றன என முன்மொழிந்தனர்.

மருத்துவத்தில்

இதற்கு மாற்று மருந்து இல்லை. தேவையான அளவுக்கு மட்டும் ஆக்சிசன் கொடுப்பதே வழி. எனினும் ஆக்சிசன் குறைபாடு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும், நச்சுமையோ பல மணிநேரத்திற்குப் பின்னரே தோன்றும். ஆதலால் நச்சுமைக்கு அஞ்சி, மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிசனை மறுத்தல் தவறாகும். 2021ஆம் ஆண்டின் கொரோனா அலையில் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்த ஆக்சிசன் செறிவூட்டிகள் நிமிடத்திற்கு 5 லிட்டர் அளவில் மூக்குக் குழாய் வழியாகத் தருவது ஏறத்தாழ 40 விழுக்காடே.

மலைப்பகுதி நோயாளியைச் சமவெளிக்கு மாற்றும்போது மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கோடைக்கானலில் 60 விழுக்காடு ஆக்சிசன் என்பது ஏறத்தாழ 354 மி.மீ. பகுதி அழுத்தம். வத்தலக்குண்டு மலைப்பாதை வழியே இறங்கி மதுரையை அடையும்போது அதே 60 விழுக்காடு ஏறத்தாழ 450 மி.மீ. ஆகிவிடும். குருதியின் ஆக்சிசன் செறிவை மீண்டும் அளந்து அளவைக் குறைக்க இடமுண்டு.

சிலருக்கு மிதமான ஆக்சிசனும் கேடு தரலாம். பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து பெற்றவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் அதனை மயக்க மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை உட்கொண்டவர்களின் நுரையீரலில் அந்நஞ்சு ஆக்சிசனைக் கொண்டே சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகின்றது. எனவே அவர்களுக்குக் கடும் குறைபாடு ஏற்பட்டாலன்றி ஆக்சிசன் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்க்கின்றனர்.