சேரி எனும் சொல்லும் பெயர் மாற்றமும்: பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்புப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கும் முயற்சிகள் இன்று வலுப்பெற்றுள்ளன. இச்சூழலில், புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களில் வழங்கும் ஊர்ப்பெயர், தெருப்பெயர் ஈறுகளின் பொருள்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சேரி’ எனும் சொல்லின் பழம்பொருளைச் சான்றாக்கி இன்றைய மாற்றத்தை மறுக்க இயலாது என்பதும், மாற்றப்படும் பெயரைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாகூர்ச் செப்பேடு, சேரி, பேட்டை, கொம்யூன், பெயர் மாற்றம்.

முன்னுரை

புதுச்சேரியின் தெருப்பெயர்கள் என்றவுடன் நினைவுக்கு வருவன நகரத்தின் துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி, ரங்கப்பிள்ளை வீதி போன்றவையே. ஆளுநர், கடற்படைத் தலைவர், துபாஷி எனத் தனிமனிதர்களை நினைவுகூரும் பெயர்கள் இவை. விடுதலைக்குப் பின் துய்ப்ளேக்ஸ் வீதி, ஜவகர்லால் நேரு வீதியானபோதும் இந்த மரபே தொடர்ந்தது. ஊரகத்தின் நிலை வேறு. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலைச் சூழ்ந்த பகுதியில் சந்நிதி, மாட வீதி போன்ற பெயர்கள் கோயிலையும் திருவிழாவையும் சார்ந்து எழுந்தவை. பிற ஊர்களிலும் குளம், கோயில், தொழில், சாதி ஆகியவையே பெயரிடலுக்கு அடிப்படையாக உள்ளன. எனவே ஊரகப் பெயர்களை ஆராய்வது, அங்கு யார் எங்கே வாழ்ந்தனர் என்பதை ஆராய்வதாகவும் அமைகிறது.

செப்பேடு காட்டும் மூன்று ஈறுகள்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வடமொழியும் தமிழும் கலந்த இவ்வாவணம், வாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் எனும் கல்வி நிலையத்திற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. பாக்கம், ஊர், சேரி எனும் மூன்று ஈறுகளும் இங்கு ஒரே கொடையில் ஒரே நிலையில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் சேரி எனும் ஈறு தாழ்வு எதனையும் சுட்டவில்லை. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருளாக உள்ளது. முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பகுதிகளையே சேரிகள் என்று குறிப்பதும் இதனை உறுதிப்படுத்துகிறது.

பெயரின் ஒலியும் இடைக்காலத்தில் மாறியுள்ளது. செப்பேட்டின் ‘வாகூர்’ இன்று பாகூர். 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, புதுச்சேரியைச் சூழ்ந்த சார்பு நிலங்களாகப் பிரெஞ்சியர் பெறவேண்டிய இரு மாவட்டங்களை ‘வலனூர்’, ‘பாகூர்’ எனக் குறிக்கிறது. முன்னது வில்லியனூரின் திரிந்த வடிவம். அண்டையிலுள்ள திருபுவனை, கல்வெட்டில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் ஆகும். அங்கு அரசியின் பெயர் தேய்ந்து நிற்க, பிரமதேயத்தைச் சுட்டும் பகுதி முற்றிலும் உதிர்ந்துவிட்டது. எப்பெயரும் மாறாத் தன்மையுடையதன்று என்பதை இவை காட்டுகின்றன.

பொருள் சுருங்கிய வரலாறு

சேரியின் பொருள் எப்போது சுருங்கத் தொடங்கியது? முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்கு விடைகாண உதவுகின்றன. கோயிலில் பணிபுரிய 400 ஆடல் மகளிர் குடியமர்த்தப்பட்ட பகுதி அங்குத் தளிச்சேரி எனப்படுகிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறை நீங்கிய நிலங்களைக் கணக்கிடும்போது கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பன இடம்பெறுகின்றன. சேரி இங்கும் பொதுச்சொல்லே. ஆயினும் அதற்கு முன்வரும் அடை, அங்கு வாழ்வோர் யார் என்பதையும் எவர் விலக்கப்பட்டவர் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறது. பிற்காலத்தில் அடை நீங்கிய நிலையிலும் விலக்கின் பொருள் சேரி எனும் சொல்லிலேயே தங்கிவிட்டது. புதுச்சேரி எனும் தலைநகரின் பெயரில் பழம்பொருளும், ‘ஊரும் சேரியும்’ எனும் வழக்கில் புதுப்பொருளும் இன்று ஒருங்கே வாழ்கின்றன.

இதற்கு இணையான மாற்றத்தைப் புதுச்சேரி ஊரகத்தில் ‘பேட்டை’ எனும் சொல்லிலும் காணலாம். முதலியார்பேட்டை, வில்லியனூரின் சுல்தான்பேட்டை ஆகியவற்றில் அது முழு வடிவில் நிற்கிறது. தாய் ஊரின் பெயரோடு ‘பேட்’ எனக் குறுக்கி ஒட்டும்போதோ, பட்டியல் இன மக்களின் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்துக் காட்டும் குறியாகிறது. சேரிக்கு மாற்றாக வந்த ‘காலனி’ எனும் அயற்சொல்லும் இதே பொருளை ஏற்றது. ஆக, பெயரை மாற்றிய பின்னும் குடியிருப்புப் பிரிவினை நீடித்தால், புதிய சொல்லும் பழைய பொருளையே சுமக்க நேர்கிறது.

பெயர் மாற்றமும் ஆவணமும்

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ‘காலனி’ எனும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும் அறிவிப்பு சட்டமன்றத்தில் வெளியானது. அவ்வாண்டு அக்டோபரில் தெரு, குடியிருப்பு, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப்பெயர்களை நீக்குவதற்கான அரசாணை பிறப்பிக்கப்பட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி இவ்வாணைக்கு உட்பட்டதன்று. எனினும் எல்லைகள் பின்னிக் கிடக்கும் இவ்வூர்களில் இவ்வினா எழாமல் இராது.

இங்கு இரு நிலைப்பாடுகள் எதிரெதிரே நிற்கக்கூடும். சேரி முன்னர் மதிப்புடைய சொல்லாக இருந்தது, எனவே மாற்றத் தேவையில்லை என்பது ஒன்று. இது பாகூர்ச் செப்பேட்டைக் கொண்டு தஞ்சைக் கல்வெட்டை மறைப்பதாகும். ஒரு சொல்லின் வேர்ப்பொருள், அச்சொல்லால் இன்று இழிவுறுவோரின் பட்டறிவை மறுக்கும் சான்றாகாது. பழம்பெயர் முழுவதையும் சுவடின்றி அழிக்கவேண்டும் என்பது மற்றொன்று. அவ்வாறு அழித்தால், விலக்கு நிகழ்ந்தமைக்கான சான்றும் உடன் அழியும்.

1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் உருவாக்கப்பட்ட கொம்யூன் அமைப்பு, பஞ்சாயத்தாக இன்றும் தொடர்கிறது. பெயர் மாற்றம் மேற்கொள்ளப்படுமாயின், கொம்யூன் பதிவேட்டில் பழைய பெயர், புதிய பெயர், மாற்றிய நாள், காரணம் ஆகிய நான்கும் அருகருகே பதியப்படல் வேண்டும். புதிய பெயரைத் தேர்வதில் அத்தெருவில் வாழ்வோரின் கருத்தே முதன்மை பெறவேண்டும்.

முடிவுரை

வாகூர் பாகூரானதும், திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் திருபுவனையானதும் இயல்பான ஒலித்தேய்வு, வழக்குக்குறுக்கத்தின் விளைவுகள். சேரியின் பொருள் சுருங்கியதோ சமூக ஏற்றத்தாழ்வின் விளைவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. முன்னதை விளக்குவது மொழியியல்; பின்னதற்குச் சமூக வரலாறும் தேவை. தெருப்பலகையிலிருந்து நீங்கவேண்டிய பெயர் ஆவணத்தில் நிலைபெறவேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.