சாண்டி, மாம்மன்

இந்தியக் குருதியியல் மருத்துவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே குருதியியல் துறைத் தலைவராகப் பணியாற்றினார். 1986இல் அங்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியதில் முதன்மைப் பங்கு இவருடையது.

அவர் பணியாற்றிய மற்றொரு களம் ஹீமோபிலியா. அது எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் பரம்பரை இரத்தக்கசிவு நோய். குருதி உறைய உதவும் 8ஆம் காரணி குறைந்தால் ‘ஏ’ வகை. 9ஆம் காரணி குறைந்தால் ‘பி’ வகை. பெரும்பாலும் ஆண்களையே தாக்கும். மூட்டுகளுக்குள் அடிக்கடி கசியும் குருதி, காலப்போக்கில் அவற்றை முடக்கிவிடும். உறைகாரணி மருந்து விலை மிகுந்தது. மேலைநாட்டு அளவுகளில் செலுத்துவது பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே, சாண்டியும் அலோக் ஸ்ரீவஸ்தவா உள்ளிட்ட வேலூர் மருத்துவர்களும் குறைந்த அளவு மருந்துடன் அறுவை சிகிச்சை செய்யும் முறைகளை வகுத்தனர்.

பின்னர் சாண்டி கொல்கத்தா சென்றார். 2011இல் நியூ டவுனில் திறக்கப்பட்ட டாடா மருத்துவ மையத்தின் இயக்குநராக இருந்து, புற்றுநோய், குருதிநோய்ச் சிகிச்சையை வளர்த்தார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேலூரில் ஹீமோபிலியா பணி தொடர்ந்தது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டுச் சிகிச்சை வழிகாட்டியின் முதன்மை ஆசிரியர் ஸ்ரீவஸ்தவா. கடுமையான ‘ஏ’ வகை நோயாளிகள் ஐவரின் குருதித் தண்டுச் செல்களில் 8ஆம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய மரபணுச் சிகிச்சையின் முடிவுகளை அவரது குழு 2024 டிசம்பரில் வெளியிட்டது.