முத்துப் பார்களும் ரோயல் சொசைட்டியும்: கடலாய்வில் ஆருக்குப் பேர்?

கடலாய்வு எண்டால் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது பெரிய கப்பல், வெள்ளைக் கோட்டு, தொலைக்காட்சி ஆவணப்படம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக அறிவியலாளர்கள் கவனித்த ஒரு பெரிய கடலாய்வு மன்னார் வளைகுடாவில்தான் நடந்தது. சிலாபத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரே இருக்கிற முத்துப் பார்கள்தான் அதன் களம். அந்த ஆய்வுக்கு ஆர் காசு குடுத்தது, ஆருக்குப் பேர் கிடைச்சது, ஆருக்குக் கிடைக்கேல்லை எண்டு பார்த்தால், அறிவியல் சமூகம் எப்படி இயங்குகிறது எண்டதும் கொஞ்சம் விளங்கும்.

முதலில் பிரச்சினையைச் சொல்லுவோம். முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், பிரித்தானிய இலங்கை அரசுக்குப் பெரிய வருமானம். எடுக்கிற சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மிச்சம் ஒரு பங்கு மூழ்கி எடுக்கிறவர்களுக்கு. அரசின் பங்கு அங்கேயே ஏலத்தில் போகும். ஆனால் சிப்பி ஒவ்வொரு வருசமும் கிடைப்பதில்லை. ஒரு வருசம் பார் முழுக்கக் குஞ்சுச் சிப்பி இருக்கும், அடுத்த வருசம் போய்ப் பார்த்தால் வெறும் மணல். 1891க்குப் பிறகு பதினொரு வருசம் சலாபமே நடக்கவில்லை.

வருமானம் நிண்டதும் அரசுக்கு அறிவியல் ஞாபகம் வந்தது. 1901இல் லண்டனில் இருந்த குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் ரே லங்கெஸ்டரிடம் ஆலோசனை கேட்டது. அவர் கைகாட்டியவர் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன். உலகைச் சுற்றிவந்த 'சலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த கடற்பீச்சிகளை ஆராய்ந்து பேரெடுத்தவர் அவர். 1888இலேயே கடற்பீச்சிகளின் ஒரு பேரினத்துக்கு 'ஹேர்ட்மானியா' எண்டு அவருடைய பேரை வைத்திருந்தார்கள். அறிவியல் சமூகம் ஒருவரை மதிக்கிற பழைய வழிகளில் இதுவும் ஒன்று: பணமோ பதக்கமோ இல்லை, ஒரு உயிரினத்தின் பேரோடு உங்கட பேர் ஒட்டிக்கொள்ளும்.

ஹேர்ட்மன் 1902 ஜனவரியில் கொழும்புக்கு வந்தார். கூடவே உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னெல். 'லேடி ஹவ்லொக்' எண்ட நீராவிக் கப்பலில் போய்ப் பார்களைச் சோதித்தார்கள். ஹேர்ட்மன் சில மாதத்தில் திரும்பிவிட்டார். ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். காலியில் ஒரு சிறு கடல் ஆய்வுகூடமும் அமைந்தது.

இதன் விளைவுதான் 1903 முதல் 1906 வரை வெளிவந்த 5 தொகுதிகள். குடியேற்ற அமைச்சின் வேண்டுகோளின்படி அவற்றை வெளியிட்டது ரோயல் சொசைட்டி. இங்கே ஒரு விசயத்தை வடிவாகக் கவனிக்க வேணும். அரசு கேட்டது முத்துச் சிப்பியைப் பற்றித்தான். ஆனால் ஹேர்ட்மன் கடலில் அகப்பட்ட எல்லாவற்றையும் போத்தலில் போட்டுக்கொண்டு போனார். பஞ்சுயிரிகளை ஆர்தர் டெண்டியிடமும், ஹைட்ரொயிட்டுகளை லோரா தோர்ன்லியிடமும், கடலட்டைகளை ஜோசப் பியர்சனிடமும், இப்படி ஒவ்வொரு தொகுதி உயிரினத்தையும் அந்தத் துறை தெரிஞ்ச ஒருவரிடம் குடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு துணை அறிக்கை எழுதினார்கள். ஒரு வருமானப் பிரச்சினைக்கு ஒதுக்கின காசில், இலங்கைக் கடலின் உயிரினங்களைப் பற்றிய முதலாவது பெரிய பட்டியல் ஒன்று உருவாகிவிட்டது.

அறிவியல் சமூகம் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கிற விதம் இதுதான். மாதிரி ஒருவர் எடுப்பார், இன்னொருவர் பிரித்துப் பார்ப்பார், ஒரு சங்கம் அச்சடிக்கும், எல்லாருக்கும் பேர் வரும். அந்தப் பேர் பிறகு வேலையாக மாறும். கடலட்டை அறிக்கை எழுதிய பியர்சன் 1910இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளரானார். ஹோர்னெல் பின்னர் மதராஸ் மீன்பிடித் துறைக்குப் பொறுப்பானார், சங்கைப் பற்றியும் தோணிகளைப் பற்றியும் முக்கியமான நூல்கள் எழுதினார். ஹேர்ட்மன் 1920இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைவராகி, கடலியலும் மீன்பிடியும் பற்றியே தலைமையுரை ஆற்றினார். 1922இல் 'சேர்' பட்டமும் கிடைத்தது. 1919இல் அவரும் மனைவி ஜேனும் தங்கட சொந்தக் காசில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கடலியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவினார்கள். பிரித்தானியாவில் இந்தத் துறைக்கான முதல் இருக்கை அது. ஜேன், நீலப் புகைபோக்கிக் கப்பல்களை ஓட்டிய அல்பிரட் ஹோல்ட்டின் மகள். கிழக்கே ஓடின கப்பல் வியாபாரத்தில் சேர்ந்த செல்வம் கடலைப் படிக்கிற ஒரு கதிரையாக மாறியது எண்டும் இதைச் சொல்லலாம்.

சரி, சிப்பிக்கு என்ன நடந்தது? பெரிய பார் திறந்த கடலில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அங்கே குஞ்சுகள் அடிபட்டுப் போகின்றன, மணல் மூடுகிறது, திருக்கை முதலான மீன்கள் தின்னுகின்றன எண்டு ஹேர்ட்மன் விளக்கினார். குஞ்சுகளை எடுத்து செவல் பார் போன்ற பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றச் சொன்னார். நல்ல முத்து நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றித்தான் உருவாகிறது எண்டும் எழுதினார். இந்த முத்துக் கோட்பாட்டை 1912இல் லிஸ்டர் ஜேம்சன் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். இண்டைக்கு அதை அப்படியே ஆரும் ஏற்பதில்லை. பெரிய பேராசிரியர் எழுதி, ரோயல் சொசைட்டி அச்சடிச்சாலும், தப்பெண்டால் தப்பெண்டு இன்னொருவர் எழுதலாம். இந்தச் சமூகத்தில் நாங்கள் மதிக்கவேண்டிய குணம் இது.

1903இல் சலாபம் திரும்ப நடந்தது. 1905இல் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுக்கப்பட்டது, அரசுக்கு 25 லட்சம் ரூபாய் அளவில் வருமானம். 1906இல் அரசு பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருசக் குத்தகைக்குக் குடுத்தது, வருசத்துக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. குத்தகைக் காலம் முடிய முன்னமே கம்பனியும் கலைந்தது. கடலைப் பற்றி 5 தொகுதி எழுதியும் கடலைக் காப்பாற்ற முடியவில்லை.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். அந்த அறிக்கை முழுக்க ஒரு தமிழ்ச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'பார்'. சிப்பி படுக்கிற கடலடித் தரைக்கு எங்கட ஆக்கள் வைத்த சொல் அது. ஆங்கில எழுத்தில் அதே சொல்லாக ரோயல் சொசைட்டியின் அச்சுக்குப் போனது. எந்தப் பார் எங்கே இருக்கு, எவ்வளவு ஆழம், அடியில் மணலா கல்லா எண்ட அறிவு முதலில் கடலில் இறங்கினவர்களிடம்தான் இருந்தது. அவர்கள் காலில் கல் கட்டி, 5 முதல் 10 பாகம் ஆழத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு நிமிசம் மூச்சடக்கி, கூடையை நிரப்பிக்கொண்டு மேலே வந்தார்கள். தமிழரும், முஸ்லிம்களும், அரேபியக் கரையிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். மேலே கயிறு பிடிக்கிறவன் ஒரு கணம் பிந்தினால் உயிர் போகும்.

அந்தத் தொகுதிகளின் கட்டுரைத் தலைப்புகளுக்குக் கீழே இவர்களில் ஒருவரின் பேரும் இல்லை. அவர்கள் குடுத்த தகவல் 'தரவு' ஆனது, குடுத்தவர் 'கூலி' ஆனார். அந்தக் காலம் அப்படித்தான் எண்டு கடந்து போகலாம். ஆனால் அதே தொகுதிகளில் மிகச் சிறிய துணை அறிக்கைக்கும் எழுதினவர் பேர் அச்சாகியிருக்கு. பேர் குடுக்கிற வழக்கம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அது எங்கே நிற்கவேண்டும் எண்டு ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான்.

இதை ஹேர்ட்மனைக் கூண்டில் ஏற்றுவதற்காக நாங்கள் எழுதவில்லை. அவருடைய தொகுதிகள் இண்டைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மன்னார்க் கடலின் 120 வருசத்துக்கு முந்தைய நிலையை அறிய அவைதான் எங்களுக்கு இருக்கிற நல்ல சாட்சி. கடலட்டைப் பண்ணைகள் பற்றி வடக்கில் இண்டைக்கு நடக்கிற விவாதத்தில்கூட, அங்கே முன்னம் என்ன இருந்தது எண்டு கேட்டால், பியர்சனின் அறிக்கையையும் திறக்கத்தான் வேணும். கடலியலோ மீன்பிடி அறிவியலோ படிக்கிற தம்பி தங்கைச்சிமார் அவற்றை வாசிக்க வேணும்.

ஆனால் நாளைக்கு நீங்கள் ஒரு ஆய்வுக்காக அரிப்பிலோ பேசாலையிலோ கரைக்குப் போவீர்கள். ஒரு மீனவ ஐயா எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீரோட்டம் மாறும் எண்டு சொல்லுவார். அவர் சம்மதிச்சால், அவருடைய பேரையும் கட்டுரையில் போடுங்கோ. நன்றியுரையின் கடைசி வரியில் 'உள்ளூர் மீனவர்கள்' எண்டு மொத்தமாக இல்லை, முழுப் பேராக.