பாதரச ஆவியும் ஒரு கண்ணாடிக் குமிழும்

2022-இல் க்ளாஸர், ஆஸ்பெக்ட், ட்ஸைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது நாம் எல்லோரும் சொல்லிக்கொண்ட கதையில் ஒரு பெயர் விடுபட்டது. ரிச்சர்ட் ஹோல்ட்.

கிளர்வுற்ற அணு சில சமயம் தன் ஆற்றலை இரண்டு படிகளில் இறக்கிவைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு ஃபோட்டான். 1967-இல் பெர்க்லியில் கோச்சரும் காமின்ஸும் கால்சியம் அணுக்களிலிருந்து பச்சையும் ஊதாவுமாகப் பிறக்கும் இத்தகைய இரட்டையரைப் பிடித்தனர். ஒன்றின் அதிர்வுத் தளம் மற்றதனோடு பிணைந்திருந்தது. அந்தப் பிணைப்பு பிறக்கும்போதே எழுதிவைக்கப்பட்டதா என்று சோதிக்க ஜான் பெல் 1964-இலேயே வழிசொல்லியிருந்தார். 1972-இல் ஃப்ரீட்மனும் க்ளாஸரும் கால்சியத்தைக் கொண்டே அளந்தனர். விடை குவாண்டம் கொள்கையின் பக்கம்.

மறு ஆண்டே ஹார்வர்டில் ஹோல்ட்டும் அவருடைய ஆசிரியர் பிப்கினும் கண்ணாடிக் குமிழில் அடைத்த பாதரச ஆவியில் அதே அளவீட்டைச் செய்து, நேர் எதிரான விடையைப் பெற்றனர். ஐன்ஸ்டைனின் ஐயத்துக்கு வலுசேர்க்கும் எண் கையில் இருக்கிறது; பிழை எங்கே என்று தேடியும் அகப்படவில்லை. வேறொருவராக இருந்தால் உலகுக்கு அறிவித்திருப்பார் என்றே தோன்றுகிறது. அவர்களோ ஆய்விதழில் வெளியிடாமல், கைப்பிரதியாக மட்டும் சக ஆய்வாளர்களிடம் சுற்றவிட்டனர். அதை அச்சம் என்பதா, நேர்மை என்பதா? நாம் இரண்டாவதையே தேர்வோம், சிறு தயக்கத்துடன்.

1976-இல் க்ளாஸர் பாதரசத்தில் அச்சோதனையைத் திரும்பச் செய்தார். நானூறு மணி நேரத்துக்கும் மேல் எண்ணிக் காத்திருந்தார். குவாண்டமே வென்றது. அதே ஆண்டு டெக்சாஸில் ஃப்ரையும் தாம்ப்சனும் லேசரின் துணையால் 80 நிமிடங்களில் அதே முடிவை எட்டினர். ஹோல்ட்டின் சோதனையில் ஐயம் கடைசியில் விழுந்தது அணுவின் மீதல்ல, குமிழின் சுவர் மீது. கண்ணாடியில் உறைந்திருந்த இறுக்கம் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் கலைத்துவிடக்கூடியது.

இதற்கிடையே, 1970-லேயே படிகங்களிலிருந்து இரட்டையரைப் பெறும் வழி திறந்துவிட்டது. காலப்போக்கில் ஆவி ஓரங்கட்டப்பட்டது. ஆயினும் படிகத்து ஃபோட்டானின் நிறம் அகன்று பரவியது. அணுக்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. அணுவில் பிறந்ததைத்தான் அணு அடையாளம் கண்டுகொள்கிறது. அதனால் ஆவி திரும்பி வந்தது. 2010-இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் சூடான ருபிடியம் ஆவியிலிருந்து 780, 1367 நானோமீட்டர் அலைநீளங்களில் ஜோடிகளைப் பெற்றனர். முன்னது ருபிடியம் அணுக்களோடு உறவாடும். பின்னது கண்ணாடி இழையில் முன்னதைவிட வெகுதூரம் மங்காமல் செல்லும்.