அச்சியந்திரம் அறிந்த மொழி

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பிழையைக் கண்ணால் கண்டு கையால் திருத்தினோம். லேசர் அச்சியந்திரம் வந்தபின் பிழை நேரும் இடம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. கணினிக்கும் யந்திரத்துக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளனாகிய ‘டிரைவர்’ தவறினால் பக்கமே தவறிவிடும்.

1984இல் எச்.பி. நிறுவனம் வெளியிட்ட லேசர்ஜெட், பி.சி.எல். என்னும் கட்டளை மொழியை அறிந்திருந்தது. மறு ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர், அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அறிந்திருந்தது. பின்னர் வந்த மலிவு யந்திரங்கள் பலவற்றுக்கு இவ்விரண்டும் தெரியா. பக்கத்தைக் கணினியே புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். அவற்றுக்கென எழுதப்பட்ட டிரைவர் இல்லையேல் அவை வெறும் பெட்டிகளே.

இந்தச் சார்புநிலையின் ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 அளவில் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தின் செரொக்ஸ் லேசர் யந்திரத்தில் தாள் சிக்கும்போது பயனருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பினார். அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் முயற்சிக்கு இந்த அனுபவமும் ஒரு தூண்டுகோல்.

நம் மண்ணில் இச்சிக்கல் வேறொரு வடிவில் வந்தது. கல்லடியில் ஒரு சிறு அலுவலகத்தில், திரையில் பாமினி எழுத்துருவில் துலங்கிய கடிதம் தாளில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்ததைக் கண்டேன். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியதே பாமினி. டிரைவர் அந்த எழுத்துருவை அனுப்பாது, யந்திரத்தினுள் இருந்த ஆங்கில எழுத்துருவைப் பதிலாக இட்டிருந்தது. யந்திரத்தைக் கழித்துவிட அவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். டிரைவர் அமைப்பில் எழுத்துகளைப் படமாக அனுப்பும்படி மாற்றியதும் தமிழ் வந்தது.

ஆகவே, டிரைவரைத் தேடுவோர் மூன்றைப் பார்க்க வேண்டும்: யந்திரத்தின் முழு மாதிரிப் பெயர், அது அறிந்த மொழி, கணினியின் இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. உற்பத்தியாளர் தளத்தில் உரிய டிரைவர் இல்லாவிடினும், பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் அறிந்த யந்திரம் அம்மொழிக்குரிய பொது டிரைவருடன் பெரும்பாலும் இயங்கும். லினக்ஸ் கணினியில் 1999இல் வெளிவந்த ‘கப்ஸ்’ மென்பொருளும் பல பழைய யந்திரங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

சிறு அலுவலகங்களுக்குப் புதிய யந்திரம் எளிய செலவன்று. வாங்கும்போது விலையோடு, அது எந்த மொழியை அறியும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.