பந்தியை விட்டு எழுந்தவர்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு ஈசூனில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குவேன். அன்றைக்குத்தான் எங்கள் தமிழ்ச் சபையில் திருவிருந்து. அப்பாயி இருந்தவரை அதைத் தவறவிட முடியாது. "சண்டை போட்டாலும் போடு, பந்தியை விட்டு மட்டும் எந்திரிச்சுப் போயிடாதய்யா" என்பார். தஞ்சாவூர்க்காரரான அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்த ஊர்ச் சபையின் வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706இல். அந்த மிஷனும் அதிலிருந்து கிளைத்த தஞ்சைச் சபையும் சாதியை வாசலில் கழற்றி வைக்கவில்லை. கோயிலுக்குள் வேளாளர் ஓரிடம், தலித்துகள் வேறிடம். திருவிருந்திலும் வேளாளர் முந்தி, மற்றவர்கள் பிந்தி. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், இந்த வேற்றுமையை உடனே, முற்றாகக் கைவிடச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதைவிடக் குடிக்காமலிருப்பது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது.

எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். சாதிகளைக் கலப்பதோடு தமிழ் வேதாகமத்தைத் திருத்துவது, பூக்களை விலக்குவது, கோயிலில் தமிழ் இசையை நிறுத்துவது எல்லாமே புது மிஷனரிகளின் கொடுமை என்றார் அவர். பின்னிரண்டில் நான் அவர் பக்கம்தான். முதலாவதில் முடியாது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன என்பதுதான் உறுத்துகிறது.

இது தமிழனுக்கு மட்டுமான நோயும் இல்லை. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னதாகவே உண்டு குடித்து முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்து எழுதியிருக்கிறார். திருவிருந்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றே பந்தி வஞ்சனை குறித்த புகார்தான்!

1890களில் அமெரிக்கச் சபைகள் நோய்த்தொற்றுக்குப் பயந்து ஆளுக்கொரு சிறு கிண்ணம் கொண்டுவந்தன. எங்கள் சபையிலும் இப்போது அதுதான். சண்டைக்குக் காரணமான அந்த ஒற்றைப் பாத்திரமே இல்லை. மிச்சம் இருப்பது அந்த வரிசையும் முழந்தாளிடுவதும் மட்டுமே. எனக்கு அது போதும். பக்கத்தில் கட்டுமானத் தொழிலாளி ஒருவர், அந்தப் பக்கம் ஒரு வங்கி அதிகாரி. யார் முதலில் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை செய்தால் அது சடங்கு. மாதாமாதம் செய்யும்போது உடம்புக்கே பழகிவிடுகிறது. மனசு பின்னால் மெதுவாக வருகிறது. திருவிருந்தின் ஆவிக்குரிய பலன் என்று நான் கண்டது இவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது "தம்பி, ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் குடும்பம் எந்தப் பக்கம் உட்கார்ந்தது என்று அப்பாயியிடம் நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அதத் தெரிஞ்சிக்கிட்டு என்ன பண்ணப்போற? பக்கத்துல யார் இருந்தாலும் எந்திரிக்காம உக்காரு."